உடுக்கள் கூடிப் பிறக்கும் முறை
(ஆரணியில் ஆற்றிய உரை)



உயர் அறிவியல் தமிழில் வாராது என்று கூறித் தம் மக்களைத் தமிழ்வழி வகுப்பினின்று பெயர்த்துச் செல்லும் பெற்றோர் இவ்வூரிலும் உளர். அவர்களோடு வழக்காடுவதினும் கடிய பொருள் ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டுவதே நன்று. ஆகலின், உடுக்கள் இரண்டும் மூன்றுமாகக் கூடிப் பிறக்குங்கால் நிகழ்வதை எடுத்துக்கொள்கின்றேன்.

மணமக்கட்குக் காட்டும் அருந்ததியைச் சங்கச் சான்றோர் வடமீன் என்றனர். அதனையும் அதன் அண்டை மீனையும் கண் இரண்டாகவே காணும். கருவிகள் ஆறாகக் கண்டுள்ளன. ஞாயிற்றை ஒத்த உடுக்களில் ஏறத்தாழச் செம்பாதி துணையோடு வாழ்வனவே.

குளிர்ந்த வளியும் தூசும் செறிந்த முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி உடுவாகின்றது. முகிலில் முன்னரே மெல்லிய சுழற்சி உண்டு. சுருங்கச் சுருங்க அது விரைவு கொள்ளும். பட்டிழைக்கு முறுக்கேற்றும் ஊரினர் நீங்கள். முறுக்கு மிகின் இழை தானே சுருண்டு மடங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உடுவுக்கும் அவ்விடரே. சுழலும் பொருள் நேரே உள்விழ இயலாமல் தட்டையாகப் பரவிச் சுற்றுகின்றது. அதுவே வட்டு. (வட்டெறிதல் என்று விளையாட்டாசிரியர் நாள்தோறும் சொல்லும் சொல்தான், விண்ணுக்கு மட்டும் அது பொருந்தாதோ?) வட்டின் பொருளில் ஒரு பகுதியைக் காந்தப்புலம் அச்சின் இருபுறமும் வீசி எறிகின்றது. இப்புறப்பாய்ச்சல் மிகையான சுழற்சியைச் சுமந்து செல்வதாலேயே எஞ்சிய பொருள் உடுவில் சேர முடிகின்றது.

உடுக்கள் பலவாதற்கு இருவழி கூறுவர். முகிலே பிளவுபட்டுத் தொலைவில் தனித்தனிக் கருக்களாதல் ஒன்று. பொருள் மிகுந்த வட்டு தன் ஈர்ப்பால் உடைந்து, அதனுள்ளேயே புதுக்கரு தோன்றுதல் மற்றொன்று. பெர்சியசு முகிலில், 750 ஒளியாண்டுத் தொலைவில், இரண்டாம் வழியில் மூவுடுக்கள் உருவாதலைச் சிலி நாட்டு அல்மா அலைவாங்கிகள் காட்டின. 2016-இல் அது வெளிவந்தது. நடுவில் இரண்டு கருக்கள்; மூன்றாவது, ஞாயிற்றுக்கும் நிலத்துக்கும் உள்ள தொலைவினும் 183 மடங்கு அப்பால், சுருள்கை ஒன்றின்மீது பிறந்துகொண்டிருந்தது.

துணை வந்தபின் வட்டுகளின் நிலை மாறும். ஒவ்வோர் உடுவின் வட்டையும் மற்றதன் ஈர்ப்பு விளிம்பில் வெட்டிச் சிறிதாக்கும். இரண்டையும் சூழப் பொதுவளையம் ஒன்றும் நிற்றல் கூடும். இடையே வெற்றிடம், அதனூடே பொருள் ஒழுகி உள்வட்டுகளுக்கு ஊட்டும்.

இதில் யான் வியந்தது டி டாரி என்னும் எருதுக் கூட்ட உடுவின் வரலாறே. 1852-இல் ஐண்டு என்னும் ஆங்கிலேயர் கண்டறிந்தார். பின்னர் இளவுடு வகை முழுமைக்கும் அதன் பெயரையே இட்டனர். அளவுகோலாகக் கொண்ட அவ்வுடுவே தனியன் அன்று! தூசிற்குள் மறைந்த துணை 1982-இல் அகச்சிவப்பு ஒளியில் வெளிப்பட்டது. அத்துணையும் இரட்டை என்பது 2000-இல் தெளிவாயிற்று. அங்கிருந்து எழும் புறப்பாய்ச்சல்கள் இரண்டு ஏறத்தாழ ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்கின்றன. புறப்பாய்ச்சல் வட்டின் அச்சுவழியே எழுவது; ஆகலின் அவ்வட்டுகள் ஒரே தளத்தில் இல்லை. உடன்பிறந்தும் சாய்வு வேறு. ஒழுங்கான ஒரே வட்டினின்று எல்லாம் பிறந்தன என்று எளிதாகச் சொல்லிவிட அது இடந்தரவில்லை.

நமக்கு மேற்கே சவ்வாது மலையில் காவலூர் உள்ளது. அங்கே 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986-இல் வைணு பாப்பு பெயர் பெற்றது. இவ்வட்டுகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை அதற்கில்லை. இளவுடுக்களின் ஒளியைப் பிரித்தாயும் வேலைக்கு அது ஏற்றது. அம்மலையடியில் தமிழ்வழி பயிலும் மாணவன் நாளை அங்கே ஏறிச்சென்று வினவ வேண்டும். வட்டு, புறப்பாய்ச்சல், சுழற்சி, ஈர்ப்பு என இன்று யான் ஆண்ட சொற்களைக் கொண்டே வினவலாம்.

ஐயம் உள்ளோர் கேட்கலாம்.