காரின் தம்பி



குன்றக்குடிக்கு உங்களிற் பலர் சென்றிருப்பீர்கள். மயிலின் வடிவினது என்று சொல்லப்படும் அக்குன்றின்மேல் சண்முகநாதரைத் தொழுதுவிட்டுப் படியிறங்கும்போது, ஒரு நாழிகை நின்று கீழே பாருங்கள். காரைக்குடியிலிருந்து வரும் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு பிள்ளையார்பட்டிப் பக்கமாகத் திருப்பத்தூரை நோக்கிச் செல்லும். அதில் கார்களும் ஓடும், லாரிகளும் ஓடும். பழைய கார் ஒன்று வந்தால், அது எந்த நாட்டது, எந்த ஆண்டினது என்று ஆவலோடு கேட்கிறோம். லாரி வந்தாலோ ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறோம். அவ்வளவுதான் நாம் அதற்குச் செய்யும் மரியாதை. இன்று நான் அந்த லாரியின் பிறப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும், கார் செய்து பேர்பெற்றவர்களே செய்த லாரிகளைப் பற்றி.

செட்டிநாட்டுக்கு ரயில் வந்தது பிந்தித்தான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரையில் 1929இல் பாதை திறந்தது. அது காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நீண்டது 1930இல். அதற்கு முன்பே இப்பகுதியில் அரண்மனை போன்ற வீடுகள் பல எழுந்துவிட்டன. பர்மாவின் தேக்குத் தூண்களும், இத்தாலியின் சலவைக்கல்லும், பெல்ஜியத்தின் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கிய பின்னர், கடைசி வழியெல்லாம் மாட்டுவண்டியில்தான் வந்தன. இரண்டு மாடு இழுக்கும் பாரவண்டி ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும் என்று கொள்ளுங்கள். இந்த ஒரு டன் என்னும் கணக்கை நினைவில் வையுங்கள். லாரியின் வரலாற்றில் அது திரும்பத் திரும்ப வரும்.

உலகின் முதல் மோட்டார் லாரியைச் செய்தவர் ஜெர்மனியின் காட்லீப் டைம்லர். மோட்டார் காரின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படுபவர் அவர். 1896இல் அவர் செய்த லாரியில் இருந்தது நான்கு குதிரைச் சக்தி எஞ்சின். அது சுமந்தது ஒன்றரை டன். சக்கரங்கள் மரத்தாலானவை, இரும்புப் பட்டை கட்டியவை; நம் பாரவண்டியின் சக்கரங்களே என்று சொல்லலாம். அத்தகைய சக்கரம் கல் பாவிய தெருவில் ஓடினால் எஞ்சின் அதிர்ந்து கெட்டுவிடும். ஆகவே அதிர்ச்சியைத் தாங்கும்படி சுருள்வில்களைப் பொருத்தினார். அந்த லாரி விலை போனது சொந்த நாட்டில் அன்று, இலண்டன் மாநகரத்துக்கு!

அதன் பிறகு கார் செய்தவர்கள் பலர் லாரியிலும் கை வைத்தனர். செல்வர்களுக்கென உயர்ந்த கார்களைச் செய்த அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனியார் கனமான லாரிகளையும் செய்தனர். 1911இல் அவர்களுடைய மூன்று டன் லாரி ஒன்று நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 46 நாட்களில் போய்ச் சேர்ந்தது. சாலை என்று சொல்லத்தக்கது பாதி வழியில் இல்லாத காலம் அது. பியர்ஸ் ஆரோ என்ற மற்றோர் ஆடம்பரக் கார் கம்பெனியின் லாரிகள் முதல் உலகப் போரில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சுமை இழுத்தன. இன்று அக்கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் மினுமினுக்கும் கார்களே நினைவுக்கு வருகின்றன. போர்க்களத்துச் சேற்றில் உழன்ற லாரிகளை நினைப்பவர் அரியர்.

ஆயினும், காரை எப்படி லாரியாக்குவது என்னும் பாடத்தை நாம் கற்க வேண்டிய இடம் போர்டு கம்பெனி. ஹென்றி போர்டின் 'டி' மாடல் கார் 1908இல் வெளிவந்தது. விலை மலிவு, ஆகவே குடியானவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பின்புறத்தை அறுத்து எறிந்துவிட்டுப் பலகை அடித்து, மூட்டை ஏற்றினார்கள். கார் முனகியது; பின் அச்சு முறிந்தது. நால்வரைச் சுமக்கச் செய்த வண்டி நாற்பது மூட்டைக்கு என்ன செய்யும்?

1917இல் போர்டு கம்பெனியே இதற்கு விடை கண்டது. 'டிடி' என்னும் ஒரு டன் லாரி வந்தது. இதில் எஞ்சினை மாற்றவே இல்லை. காரிலிருந்த அதே இருபது குதிரைச் சக்திதான். அப்படியானால் மாறியது என்ன? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே காரில் 100 அங்குலம். லாரியில் அது 124 அங்குலம் ஆயிற்று. அடிச்சட்டமும் பின்புற வில்லும் வலுப்பெற்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது பின் அச்சு. அங்கே திருகு போன்ற உருளை ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும்படி வைத்தார்கள். திருகு பல முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். இதனால் வேகம் குறைந்தது. இழுக்கும் வலிமை பெருகியது. கிணற்றில் கவலை இழுக்கும் மாடு ஓடுவதில்லை. ஆனால் அது இழுப்பதைப் பந்தயக் குதிரை இழுக்க முடியுமா? டிடி லாரிக்குத் தக்க வேகம் மணிக்குப் பதினைந்து மைல் என்றே வைத்திருந்தனர். இன்றைய கணக்கில் இருபத்து நான்கு கிலோமீட்டர். சைக்கிளில் பள்ளிக்கு விரையும் மாணவன் அதற்கு ஈடுகொடுத்துவிடுவான்.

இன்னொரு வேடிக்கை. இவ்வண்டிகளில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குத் தானாகவே வழிந்து வர வேண்டும். தள்ளிவிடும் பம்பு கிடையாது. செங்குத்தான மேட்டில் முன்பக்கம் உயர்ந்தவுடன் பெட்ரோல் வராது நின்றுவிடும். அதற்கு ஓட்டுநர் கண்ட வழி, வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி மேடேறுவது! பொறியியல் நூல்களில் இதைத் தேடாதீர்கள். வேலை செய்தவன் தன் அனுபவத்தால் கண்ட வித்தை இது.

அந்த லாரியைக் கம்பெனியார் முதலில் முழுமையாக விற்கவில்லை. எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டுமே விற்றார்கள். இதனைச் சேஸிஸ் என்பர். மேலே கட்ட வேண்டியது அவரவர் ஊர்த் தச்சன் வேலை. இம்முறை நம் நாட்டுக்கும் வந்து இன்றளவும் நிலைத்துவிட்டது. நாமக்கல்லிலும் கரூரிலும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கூடு கட்டும் தொழில் செழித்திருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. சேஸிஸ் ஒன்றுதான், அதன்மேல் இருக்கை போட்டால் பஸ், பலகை அடித்தால் லாரி. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் 1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டபோது, குன்றக்குடிக்கு அண்மையிலேயே மோட்டார்த் தொழில் காலூன்றியது.

வெளிநாட்டுக் கம்பெனிகளும் இங்கே வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில், பெட்டிகளில் வந்த உறுப்புகளைப் பூட்டிக் கார்களும் லாரிகளும் ஆக்கத் தொடங்கியது. போர்டு கம்பெனியும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் அவ்வாறே செய்தது. பூட்டினார்கள் என்றேன், செய்தார்கள் என்று சொல்லவில்லை. இவ்வேறுபாடு பெரிது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யத் திட்டமுள்ளவர்களுக்கே இனி இடம் என்று 1953இல் அரசாங்கம் முடிவு செய்தபோது, அவ்விரு கம்பெனிகளும் விலகிக்கொண்டன.

இந்த இடைவெளியில் தமிழ்நாட்டில் நடந்ததுதான் என் பேச்சின் நடுப்பொருள். 1948இல் ரகுநந்தன் சரண் என்பவர் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். தம் மகனின் பெயரையே அதற்கு இட்டார். எண்ணூரில், கடலோரத்தில் தொழிற்சாலை எழுந்தது. அங்கே பூட்டியது எது தெரியுமா? லாரி அன்று, ஆஸ்டின் ஏ40 என்னும் சிறிய இங்கிலீஷ் கார். முதல் கார் 1949இல் வெளிவந்தது. ஆனால் புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குக் காரைவிட லாரிதான் உடனே வேண்டும் என்பதைச் சரண் கண்டுகொண்டார். நெல்லையும் சிமெண்டையும் கரும்பையும் ஆஸ்டின் காரில் ஏற்ற முடியாதல்லவா? இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு பேச்சு நடத்தினார். 1950இல் உடன்பாடு ஆயிற்று. இடையில் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். சென்னை மாகாண அரசும் மற்றப் பங்குதாரர்களும் அவர் தொடங்கியதை விடாமல் முடித்தனர். 1955இல் கம்பெனி அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றது. இன்று நாடெங்கும் ஓடும் அந்த லாரிகளின் தொட்டில், ஒரு கார் தொழிற்சாலை.

அதே 1948இல் சென்னையில் தோன்றிய மற்றொரு கம்பெனி ஸ்டாண்டர்டு மோட்டார். வண்டலூருக்கு அருகில் அதன் ஆலை இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு என்று கார்களையே அது செய்தது. ஹெரால்டு காரைப் பற்றி உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். கண் மலரப் பேசுவார். ஆனால் அந்தக் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 20' என்று ஒரு டன் வண்டியும் செய்தது. ஆம், பாரவண்டியின் அதே ஒரு டன்! எழுபதுகளின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. புதிய கார் ஒன்று 1985இல் வரும்வரையில் ஆலையின் அடுப்பை அணையாமல் காத்தது இச்சுமைவண்டியே. புதிய காரோ சில ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை, கம்பெனியும் முடிந்துபோயிற்று.

ஹெரால்டு கார்களை இன்றும் சிலர் துடைத்து, வர்ணம் பூசி, பழைய கார்களின் அணிவகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்டாண்டர்டு 20 வண்டியைக் காண்பது அரிது. காரணம் எளிது. கார் ஓய்வெடுக்கும், வீட்டுக் கொட்டகையில் உறையிட்டு நிற்கும். லாரி ஓய்வெடுப்பதில்லை. சட்டம் வளைந்தால் பற்றவைப்பார்கள். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைப்பார்கள். இனி முடியாது என்ற அன்று நிறுத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிடுவார்கள். டிடி லாரிகள் பத்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆயினும் அவற்றுள் எஞ்சியவை சிலவே.

எண்ணூரில் முதன்முதலாகப் பூட்டிய லேலண்டு வண்டிகள் நான்கு. காமெட் எஞ்சின் பொருத்தியவை. சுமையைத் தாமே சாய்த்துக் கொட்டும் வகையைச் சேர்ந்தவை. 1951இல் அந்நான்கையும் மங்களூரின் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று வாங்கியது.