தையல் இல்லாத சட்டை
(பெருமாநல்லூரில் பனியன் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

உயிருள்ள உடலையே களிமண்போல் பிசைந்து கலை செய்கிறவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன் என்றதும், "சம்பளப் பேச்சு நடக்கிற நேரத்தில் இது எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டை தைத்துப் பிழைக்கிற ஊர், தைக்காத சட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஓரான் காட்ஸ், அயோனாட் ஸுர் என்ற இரு கலைஞர்கள் 2004-ல் ஒரு சின்னஞ்சிறு சட்டையை வளர்த்தார்கள். ஆம், வளர்த்தார்கள்! கரைந்து போகக்கூடிய ஒருவகைப் பொருளில் சட்டை உருவம் செய்து, அதன்மேல் சுண்டெலியின் உயிரணுக்களைப் படர விட்டார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துச் சத்துநீர் ஊட்டினார்கள். கட்டிங் இல்லை, ஓவர்லாக் இல்லை, பவர் டேபிள் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம். அது கைக்குழந்தைக்குக்கூடப் போதாது! எந்த முதலாளியும் அதைக் காட்டி ஆர்டர் பிடிக்க முடியாது.

2008-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அது மளமளவென்று வளர்ந்தது; குழாய் அடைத்துக்கொண்டது; கை ஒன்று பிய்ந்தது. கடைசியில் சத்துநீரை நிறுத்தினார்கள். சட்டை செத்தது.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பலியில்லாத் தோல்'. மாட்டை அறுக்காமல் தோலாம்! நல்லது. அந்தச் சத்துநீரில் என்ன இருந்தது? கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவம். பலி ஒழியவில்லை, பார்வைக்கு அப்பால் போயிற்று, அவ்வளவுதான். இதை அந்தக் கலைஞர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கலையை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து கப்பலேறும் பனியனில் தொங்குகிற பச்சைச் சீட்டைப் படித்துப் பாருங்கள். இயற்கைக்குத் தீங்கில்லை என்று இருக்கும். ஒன்றரை ஷிப்டு நின்றே வேலை பார்த்த செக்கிங் பெண்ணின் கால்வீக்கத்தை எந்தச் சீட்டிலாவது அச்சடித்திருக்கிறார்களா?

பக்கத்துப் பெங்களூரிலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. 2009-ல் சிருஷ்டி கலைப்பள்ளி மாணவர்கள், ஈ-கோலி என்ற கிருமியின் ஜீனை மாற்றிப் புதுமழை மண்வாசனை வீசச் செய்யும் வேலையோடு அமெரிக்காவில் நடந்த போட்டிக்குப் போனார்கள். மண்ணுக்கு அந்த வாசனையைத் தருவதே மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான். (கன்னோஜ் நகரத்து அத்தர் தொழிலாளிகள் சுட்ட மண்ணை வடித்து, அதே வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அவர்களை யார் கலைஞர் என்று கூப்பிட்டார்கள்?)

ஓவியம் படிக்கிற பிள்ளைகள் விளையாட்டாய்க் கற்ற இந்த வித்தை கம்பெனி கையில் என்ன ஆகிறது? நீங்கள் தினமும் தொடுகிற நூலைக் கேளுங்கள்! மண்ணில் வாழும் ஒரு கிருமியின் ஜீனைப் பருத்திக்குள் புகுத்திய விதைக்கு 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அந்த ஜீனுக்காக மான்சாண்டோ கம்பெனி ஒவ்வொரு பொட்டலத்திலும் கட்டணம் கறந்தது. 2016-ல் மத்திய அரசே தலையிட்டு அதைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இதற்கு வழி எங்கே திறந்தது? 1980-ல், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில். எண்ணெயைத் தின்னும் கிருமியொன்றை உருவாக்கியவர், நம் நாட்டில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி. அவர் வேலை பார்த்ததோ ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில். உயிருள்ள அந்தக் கிருமிக்குப் பேட்டன்ட் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். கூடாது என்று நான்கு பேர் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டு, தோழர்களே!

பருத்திக்குப் போன கிருமி மண்ணில் இருந்தபோது யார் சொத்து? கேள்விகளை இங்கிருந்தே தொடங்கலாம். கேளுங்கள்.