ஐம்பது நாள் மகிழ்ச்சி



பத்தாண்டு நிறைவு விழாவில் சமயத்திற்கும் சொல்லுக்கும் உள்ள உறவைப் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தார்கள். சைவ, வைணவ இலக்கியங்களைப் பற்றிப் பேச இங்கு என்னினும் வல்லார் பலர் உள்ளனர். ஆகவே சற்றுத் தொலைவில் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேகரம், உயிர்ப்பு விழாவின் ஐம்பது நாட்களை எவ்வாறு கழிக்கிறது என்பதே என் பேச்சு. இதில் கவிஞர்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சொல்லைத் தவக்காலம் முழுவதும் வாயில் வராமல் அடக்கி வைத்திருந்து, பின் ஐம்பது நாள் ஓயாமல் சொல்லுகின்ற மக்களின் கதை கவிஞர்களுக்கு உரியதே என்பது என் எண்ணம்.

எபிஸ்கோபல் என்பது மேற்பார்வையாளரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பேராயர்களைக் கொண்ட திருச்சபை என்று பொருள். அமெரிக்கா விடுதலை பெற்றபின், இங்கிலாந்து அரசரைத் தலைவராகக் கொண்ட சபையில் அங்குள்ளோர் நீடிக்க இயலவில்லை. அரசருக்கு உறுதிமொழி கூறாமல் இங்கிலாந்தில் பேராயர் ஆகவும் வழியில்லை. ஆகவே சாமுவேல் சீபரி என்பார் ஸ்காட்லாந்துக்குச் சென்று, 1784இல் அபர்தீன் நகரில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1789இல் அவர்கள் தமக்கெனச் சட்டதிட்டமும் வழிபாட்டு நூலும் வகுத்துக்கொண்டனர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு இது உறவுமுறைச் சபை. சேகரம் என்னும் சொல்லையும் அவர்களிடமிருந்தே கடன் பெறுகிறேன்.

இச்சபையாரைக் கட்டி வைத்திருப்பது கொள்கை விளக்கத்தைக் காட்டிலும் ஒரு புத்தகம் எனலாம். 1549இல் தாமஸ் கிரான்மர் ஆங்கிலத்தில் ஆக்கிய பொது ஜெப புத்தகத்தின் வழித்தோன்றல் அது. இப்போது வழக்கில் இருப்பது 1979ஆம் ஆண்டுப் பதிப்பு. குருவின் கையில் இருக்கும் அதே நூல் மக்களின் இருக்கைகளிலும் இருக்கும். குரு சொல்ல வேண்டியதும் மக்கள் மறுமொழி கூற வேண்டியதும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஐயம் உடையவனும் உறுதி உடையவனும் ஒரே வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். அவரவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அந்நூல் விசாரிப்பதில்லை. சொல் உன்னுடையது மட்டும் அன்று, எங்களுடையதும் ஆகும் என்பது அதன் நிலை. நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இதைச் சுற்றியே அமைகிறது.

பாவை நோன்பில் நெய்யும் பாலும் விலக்கப்படுவதை அறிவோம். இங்கே விலக்கப்படுவது 'அல்லேலூயா' என்னும் சொல். சில சேகரங்களில் தவக்காலம் தொடங்குமுன் வரும் ஞாயிறன்று சிறுவர்கள் அச்சொல்லை ஒரு துணியில் வண்ணம் தீட்டி எழுதி, பெட்டியில் இட்டு ஒளித்து வைப்பார்கள். மண்ணில் புதைப்பாரும் உண்டு. விளையாட்டுப் போல் தோன்றும். ஆயினும் பெரியவர்கள் பாடும்போது வாய் தவறி அச்சொல் வந்துவிட்டால் சிறுவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு சொல்லின் இன்மையை ஊரே உணர்கிறது. எந்தக் கவிஞனுக்குக் கிடைக்கும் இப்பேறு?

அச்சொல் திரும்பி வரும் இடம் திருவிழிப்பு இரவு. சனிக்கிழமை கதிரவன் மறைந்தபின், ஞாயிறு விடிவதற்குள் அவ்வழிபாடு நடைபெறும். இருட்டில் புதுத்தீ மூட்டுவார்கள். அதிலிருந்து பாஸ்கா மெழுகுத்திரி என்னும் பெருந்திரி ஏற்றப்படும். அதைத் தாங்கிச் செல்பவர் மும்முறை நின்று நின்று ஆலயத்தினுள் செல்வார். மக்களின் கைத்திரிகள் ஒவ்வொன்றாக அதிலிருந்து ஒளி பெறும். பின்னர் அத்திரியின் அருகில் நின்று ஒரு நெடும்பாடல் பாடப்பெறும். அதன் இலத்தீன் மூலத்தில் மெழுகைத் தந்த தேனீக்கும் புகழுரை உண்டு. 1979ஆம் ஆண்டு நூல் தேனீயை விட்டுவிட்டது. இறையியலுக்கு நட்டமில்லை என்று தொகுத்தோர் கருதியிருக்கக்கூடும். கவிதைக்கு நட்டமே.

அதன்பின் பழைய ஏற்பாட்டு வாசகங்கள். படைப்பு, வெள்ளப் பெருக்கு, ஆபிரகாமின் பலி, செங்கடலைக் கடத்தல் எனத் தொடங்கி மொத்தம் ஒன்பது. இரண்டேனும் வாசிக்க வேண்டும். அவற்றுள் செங்கடல் இல்லாமல் இருக்கக்கூடாது. நேரத்தைக் கருதி இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் சேகரங்களே மிகுதி. இருட்டில் அமர்ந்து ஒன்பதையும் கேட்பதுதான் விழிப்பு என்பது என் கட்சி. வாசகங்கள் முடிந்து திருமுழுக்கோ, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தலோ நடைபெறும். பிறகு விளக்குகள் எரிய, மணிகள் ஒலிக்க, அவர் எழுந்தார் என்று குரு அறிவிப்பார். மெய்யே என்று மக்கள் மறுமொழி கூறுவார்கள். அடக்கி வைத்த சொல் அப்போதுதான் வெடித்து வெளிவரும். வீட்டிலிருந்து கைமணி கொண்டுவந்து அடிப்பாரும் உளர்.

மறுநாட் காலையில் கூட்டம் நிரம்பி வழியும். ஆண்டில் இரு முறை மட்டும் தலைகாட்டுவோர் அன்று தவறாமல் வருவர். பலிபீடத்தைச் சுற்றி வெள்ளை லில்லிச் செடிகள் அடுக்கப்பட்டிருக்கும். ஜப்பானின் ரியுக்யுத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அம்மலரின் கிழங்குகள், கலிபோர்னியாவும் ஒரிகானும் சந்திக்கும் கடற்கரைப் பகுதியில் பெருமளவில் பயிரிடப்படுகின்றன. பல சேகரங்களில் ஒவ்வொரு செடிக்கும் ஒருவர் பணம் கட்டியிருப்பார், இறந்துபோன தாயின் நினைவாக, கணவரின் நினைவாக, சில வேளை குழந்தையின் நினைவாக. அப்பெயர்கள் வழிபாட்டுத் தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். மேளதாளமெல்லாம் முன்பக்கத்தில், இறந்தோர் பட்டியல் பின்பக்கத்தில். அந்நாளின் மெய்யான கவிதை அந்தப் பட்டியல்தான் என்பேன்.

அடுத்த ஞாயிறு வந்தால் ஆலயத்தில் பாதி இருக்கைகள் காலி. அதற்குத் 'தாழ்ந்த ஞாயிறு' என்றே பழம்பெயர் உண்டு. பாடகர் குழு ஓய்வெடுக்கும். தலைமைக் குரு விடுப்பில் செல்ல, உதவிக் குருவோ பயிற்சி மாணவரோ பிரசங்கம் செய்வார். லில்லிகள் வாடத் தொடங்கியிருக்கும். ஆனால் புத்தகத்தின் கணக்குப்படி விழா இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஆறு வாரம் மகிழ வேண்டும்!

அன்பர்களே, துன்பத்தை நாற்பது நாள் காப்பது எளிது. நோன்புக்கு விதி உண்டு, வயிற்றுக்கு நினைவூட்டல் உண்டு. மகிழ்ச்சியை ஐம்பது நாள் காப்பதுதான் கடினம். யாரும் கட்டளையால் மகிழ முடியாது. இதை உணர்ந்தே அம்மரபு மகிழ்ச்சியை உணர்ச்சியிடம் விடாமல் உடம்பிடமும் சொல்லிடமும் ஒப்படைத்தது. இக்காலத்தில் முழந்தாளிடாமல் நின்றே வேண்ட வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கூடிய சங்கமே விதித்தது. இன்றும் பல சேகரங்களில் இந்த ஐம்பது நாளும் பாவ அறிக்கை சொல்லப்படுவதில்லை. வழிபாடு முடிந்து மக்களை அனுப்பும் சொற்களோடு இரு அல்லேலூயா சேர்க்கப்படும். பெருந்திரி எல்லா வழிபாட்டிலும் எரியும்.

இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது தோமாவின் கதை. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர். மயிலாப்பூரும் பரங்கிமலையும் தம்முடையவர் என்று கொண்டாடும் அதே தோமாதான். கூட்டம் கலைந்த பின், எஞ்சியிருக்கும் சிலரிடம், நம்ப முடியாதவனின் கதையைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மனித மனத்தை அறிந்தவர்கள். நான்காம் ஞாயிறன்று நல்ல மேய்ப்பன், 23ஆம் சங்கீதம். அச்சங்கீதத்தை அங்குள்ளோர் பெரும்பாலும் கேட்டிருப்பது இறுதிச் சடங்குகளில்தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. அடக்க ஆராதனையும் உயிர்ப்பு விழா வழிபாடே என்று 1979ஆம் ஆண்டு நூல் குறிப்பிடுகிறது. வெண்ணிற ஆடை, அதே பெருந்திரி, அதே அல்லேலூயா. சென்ற மாதம் மகனைப் புதைத்தவள் மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். அவளால் அச்சொல்லைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லுகிறார்கள். அவள் வாய் திறக்கும் நாள்வரை அவள் பங்கையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். பொதுச் சொல்லின் பயன் இதுவே.

பொதுச் சொல் என்றதும் ஒரு கேள்வி எழும். எல்லோருக்கும் பொதுவான சொல் எல்லோருக்கும் பொதுவான இடத்தைத் தந்ததா? தரவில்லை. பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்டு ஆலயத்தில், முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்த கறுப்பின மக்களைப் பிடித்து எழுப்பினார்கள். அவர்களுள் ஒருவரான அப்சலோம் ஜோன்ஸ் வெளியேறி அமைத்த எபிஸ்கோபல் ஆலயம் 1794இல் எழுந்தது. அதற்கு இட்ட பெயர் புனித தோமா. அவரே இத்திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார். வட கரோலினாவில் சேப்பல்ஹில் ஊரின் ஆலயத்தில் 1854இல் கார்னிலியா என்னும் அடிமைச் சிறுமி திருமுழுக்குப் பெற்றாள். அவளுடைய பேத்தி பாலி மரே வழக்கறிஞர், கவிஞர், 1970இல் கவிதைத் தொகுதி வெளியிட்டவர். 1977 ஜனவரியில் இத்திருச்சபையின் முதல் கறுப்பினப் பெண் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த மாதமே, பாட்டி திருமுழுக்குப் பெற்ற அதே ஆலயத்தில் தம் முதல் திருவிருந்தை நடத்தினார். பாட்டியும் பேத்தியும் ஓதியது ஒரே புத்தக மரபு. இடையில் நூற்றிருபது ஆண்டுக்கு மேல்.

சொற்கள் மாறும்போது சண்டை வருவதும் இயல்பு. ஆங்கிலக் கவிஞர் ஆடன் அமெரிக்காவில் குடியேறி, 1940இல் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்குத் திரும்பியவர். நியூயார்க்கில் பவரியிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவருடைய சேகரம். அங்குப் புதுநடை வழிபாடு புகுந்தபோது கடுமையாக எதிர்த்தார். பழைய நடையே வேண்டும் என்றார். வேடிக்கை என்னவெனில், புதிய நூலுக்கான சங்கீதங்களைத் திருத்திய குழுவில் அவரும் சிலகாலம் பணியாற்றினார். முடிவில் 1979ஆம் ஆண்டு நூல் பழைய நடை ஒன்று, புது நடை ஒன்று என இரண்டையும் வைத்தது. தமிழ்க் கிறித்தவரிடையேயும் இதே வழக்குத் தீர்ந்தபாடில்லை. 1871ஆம் ஆண்டு பவர் பதிப்பின் 'தேவன்' என்னும் சொல்லை விட மனமில்லாதவர் இன்றும் உளர். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் 'கடவுள்' அவர்களுக்கு வேற்றாள் போலத் தோன்றுகிறார். அவர்களை நான் பழைமைவாதிகள் என்று தள்ளமாட்டேன். தாய் இறந்தபோது கேட்ட சொல்லை மாற்றுவது எளிதன்று.

அதே புனித மாற்கு ஆலயத்தில்தான் 1966இல் கவிதைத் திட்டம் என்னும் கவிஞர் அமைப்புத் தோன்றியது. சமயப் பற்று இல்லாத கவிஞர்களுக்கும் அச்சேகரம் கூரை தந்தது. 1978இல் ஆலயம் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. செப்பனிட்டு மீட்டார்கள். வாசிப்புகளும் தொடர்கின்றன. நம்மைப் போன்ற இலக்கிய வட்டங்களுக்கு வாடகையில்லாத கூடம் எத்துணை அரிது என்பதை அமைப்பாளர்கள் அறிவர்.

இந்த மரபின் தலையாய கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட். 1630 முதல் 1633இல் இறக்கும்வரை, சாலிஸ்பரி அருகே பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் குரு. உயிர்ப்பு விழாவைப் பற்றிய அவர் கவிதை ஒன்றின் வரிகள் சுருங்கிச் சுருங்கிப் பின் விரிந்து சிறகின் வடிவம் கொள்ளும். நம் சித்திரகவியாருக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆயினும் அங்கே வடிவம் வித்தைக்காக நிற்கவில்லை. மனிதன் குன்றும்போது வரி குன்றுகிறது, எழும்போது வரி எழுகிறது. விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய நாட்களில் ஊர் எல்லையைச் சுற்றி வயல்களை வாழ்த்திச் செல்லும் ஊர்வலத்தையும் அவர் போற்றி எழுதினார். பயிருக்கு ஆசி, எல்லையில் நீதி, அயலாரோடு நடக்கும் அன்பு, ஏழைக்கு ஈகை என நான்கு நன்மை கண்டார். இன்றும் சில அமெரிக்கச் சேகரங்கள் அவ்வூர்வலத்தை நடத்துகின்றன. வயல் இல்லாத நகரத்தில் கீரைப் பாத்தியைச் சுற்றி வருகிறார்கள்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று உயிர்ப்பு விழா வந்தபோது பெருந்தொற்றால் ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்தன. வெற்று ஆலயத்தில் குரு மட்டும் நின்று திரை வழியே வாழ்த்துரைத்தார். மக்கள் தத்தம் சமையலறைகளிலிருந்து மறுமொழி கூறினார்கள். ஆனால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. அப்பம் பகிர முடியாத இடத்தில் திருவிருந்து நடத்தலாமா என்ற வாதமும் எழுந்தது. நடத்தாமல் காலை மன்றாட்டோடு நின்ற சேகரங்கள் பல.

ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. செந்நிற ஆடை. பல மொழிகளில் பேசிய நிகழ்ச்சியை நினைவுகூரும் வகையில், சபையிலுள்ளோர் தத்தம் தாய்மொழியில் ஒரே நேரத்தில் வாசிப்பது பல சேகரங்களில் வழக்கம். ஸ்பானியம், பிரெஞ்சு, இக்போ, கொரிய மொழி என ஒலிகள் கலந்து எழும். தமிழறிந்தவர் ஒருவர் உறுப்பினராக இருந்தால் தமிழும் ஒலிக்கும். அன்று வழிபாடு முடிந்ததும் பெருந்திரியை அணைப்பார்கள். பீடத்தின் அருகிலிருந்து எடுத்து, திருமுழுக்குத் தொட்டியின் பக்கத்தில் வைப்பார்கள். இனி அது எரிவது ஒரு குழந்தையைக் கொண்டுவரும் அன்றும், ஒரு பெட்டியைக் கொண்டுவரும் அன்றும்தான்.