முற்றத்துக்கு வந்த பள்ளி

பாலர் கல்வி என்றதும் மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். 1907ஆம் ஆண்டு உரோமாபுரியில் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றிலேயே அமைந்திருந்தது. ஆயினும், அம்முறை கடல்கடந்து பரவியபோது, அதற்குரிய கருவிகளை விலைகொடுத்து வாங்க வல்ல நகரத்துச் செல்வர்களின் பிள்ளைகளே அதனாற் பெரிதும் பயனடைந்தனர். ஏழைக்கென விளைந்த நெல் செல்வர் களஞ்சியத்தைச் சென்றடைந்தது.

அந்நெல்லை மீண்டும் குடிசைக்குக் கொண்டு சென்றவர்கள் இந்திய நாட்டுப் பெண்மணிகள் இருவர். மூத்தவர் தாராபாய் மோடக். 1892இல் பம்பாயிற் பிறந்த பட்டதாரி. பவநகரிற் பாலர் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து பணியாற்றியவர். 1926இல் தோன்றிய நூதன பால சிட்சண சங்கம் இவ்விருவர் முயற்சியாலும் வளர்ந்தது. இளையவர் அனுதாய் வாக். பதின்மூன்றாம் வயதில் மணமாகி, சில மாதங்களுள் கணவனை இழந்தவர். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு அடுக்களையின் மூலையே உலகம். அவரோ கற்று ஆசிரியையானார்.

1945இல் பம்பாய்க்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள போர்டி என்னும் கிராமத்தில் சங்கத்தின் பாலர் பள்ளி திறக்கப்பட்டது. செலவுக்கு அறச் சிந்தையுடையோரின் உதவியே ஆதாரம். பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனால், எவருக்காக அது திறக்கப்பட்டதோ அவர்கள் வரவில்லை. தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் சேரியிலிருந்தும், வார்லி என்னும் பழங்குடியினரின் குடிசைகளிலிருந்தும் குழந்தைகள் அங்கு எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் தாயும் தந்தையும் கூலிக்குப் புறப்பட்டு விடுவர். மூன்று வயதுக் குழந்தையைக் கைபிடித்து அழைத்துவர வீட்டில் எவருமில்லை. ஊரின் நடுவே சென்று பிறருடன் சமமாக அமரலாம் என்ற துணிவு பெற்றோருக்கே இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வார்லி மக்கள் நிலவுடைமையாளரிடம் கொத்தடிமைகளாய் உழன்று, அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததும் அதே 1945ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவிற் கொண்டால் நிலைமை விளங்கும்.

இத்தகைய நிலையில், 'நாங்கள் கதவைத் திறந்து வைத்தோம், அவர்கள் வரவில்லை' என்று பெற்றோர் மீது பழிபோட்டு அமைதியடைவது நன்கொடையில் நடக்கும் நிறுவனங்களுக்கு எளிது. தாராபாய் அவ்வாறு அமைதியடையவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிடின் பள்ளி பிள்ளையிடம் செல்லட்டும் என்று துணிந்தார். ஆசிரியைகள் சேரிக்குச் சென்றனர். குடிசைகளின் நடுவேயுள்ள முற்றமே வகுப்பறையாயிற்று. மராத்தியில் முற்றத்துக்கு 'அங்கண்' என்று பெயர். நம் பழந்தமிழும் அங்கணம் என்ற சொல்லை அறியும். அங்கன்வாடி என்ற பெயர் இவ்வாறு பிறந்தது.

அங்கே எழுத்துக்கு முன் நீர் வந்தது. முகம் கழுவுதல், தலை வாருதல், நகம் வெட்டுதல், முற்றத்தைப் பெருக்குதல் ஆகியவையே முதற் பாடங்கள். பின்னர் பாட்டும் கதையும் ஆட்டமும். மொண்டிசோரி முறையின் கருவிகளுக்குப் பதிலாக விதைகள், இலைகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள் பயன்பட்டன. எண்ணவும், தரம் பிரிக்கவும், சிறிது பெரிதென ஒப்பிடவும் இவை போதுமானவை. பணமில்லாமையால் நேர்ந்த மாற்றம் என்று சிலர் கருதக்கூடும். குழந்தை ஏற்கெனவே அறிந்த பொருளைக் கொண்டு அறியாததைக் கற்பிப்பதே சிறந்த கற்பித்தல் என்பதால், பணமிருந்திருப்பினும் இதுவே தக்க வழியாகும்.

1950களின் பிற்பகுதியில் அப்பணி அண்மையிலுள்ள கோஸ்பாடு மலைக்குப் பெயர்ந்தது. அங்கே வேறொரு முடிச்சு அவிழ வேண்டியிருந்தது. ஏழெட்டு வயதுச் சிறுமிகள் தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்துகொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டனர். கைக்குழந்தையை விட்டு வா என்றால் அவர்கள் எவ்வாறு வருவர்? ஆகவே கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பாலர் வகுப்பு, ஆரம்பப் பாடசாலை மூன்றும் ஒரே வளவில் அமைக்கப்பட்டன. விகாஸ்வாடி என்பது அதன் பெயர். தமக்கை தன் சுமையை ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குச் சென்றாள். மாடு மேய்க்கும் சிறுவர்க்கோ மேய்ச்சல் நிலத்திலேயே பாடம் நடந்தது.

1973இல் தாராபாய் காலமானார். ஈராண்டுகளின் பின், 1975 அக்டோபர் 2ஆம் நாள், இந்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்து, அதன் நிலையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயரிட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. சத்துணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை முதலிய ஆறு சேவைகளுள் பாலர் கல்வியும் ஒன்று. சங்கமொன்று எத்துணை முயன்றாலும் எட்டவியலாத பரப்பு இது, அரசினாலன்றி ஆகாது. எனினும், பல இடங்களில் உணவுப் பாத்திரமும் பதிவேடும் முன்வரிசையில் அமர, கதையும் கிளிஞ்சலும் பின்வரிசைக்குப் போய்விட்டன என்பதையும் சொல்லாமலிருக்க இயலாது. இத்தனைக்கும் நடுவே நின்று பணிபுரியும் பெண்ணுக்கு, அரசாங்க ஊழியர் என்ற தகுதியோ சம்பளமோ இல்லை, மதிப்பூதியமே வழங்கப்படுகிறது.

அனுதாய் 1992 வரை வாழ்ந்தார். இறுதிவரை கோஸ்பாட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, கிராமத்துப் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவித்து வந்தார்.