கள்ளும் நட்பும்



மதுவையும் நட்பையும் சேர்த்துப் பேசுவது நம் நாட்டிற்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் இரங்கிப் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. கள் சிறிதாயினும் பெரிதாயினும் அவன் பகிர்ந்தளித்த பண்பை அதில் அவர் நினைவுகூர்கிறார். சோற்றையும் அவ்வாறே பகிர்ந்தான் என்கிறார். ஆகவே அவர் இரங்கியது கள்ளுக்காக அன்று, கொடுத்த மனத்துக்காகவே.

திருக்குறளில் நட்பு 79ஆம் அதிகாரம். கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். பொருட்பாலை இயல்களாகப் பகுத்த பதிப்புகள் பலவற்றில் இவ்விரண்டும் நட்பியல் என்னும் ஒரே பகுதியில் அமைந்துள்ளன. இது சிந்தித்தற்குரியது.

மது, மூளையின் அடக்கியாளும் ஆற்றலைத் தளர்த்துகிறது. கூச்சம் குறைகிறது; பேச்சுப் பெருகுகிறது; அருகில் இருப்பவன் உயிர்த்தோழனாகத் தோன்றுகிறான். ஆனால் கூச்சத்தை நீக்கிய அதே தளர்ச்சி சினத்தின் கட்டையும் அவிழ்த்து விடுகிறது. சிரிப்பில் தொடங்கிய கூட்டம் கைகலப்பில் முடிவது இதனாலேதான். பொழுது விடிந்ததும் கூச்சம் மீண்டும் வந்துவிடும்; முன்னிரவில் கூறிய சுடுசொல்லோ திரும்பி வாராது.

என் பழைய மாணவன் ஒருவன் கல்லூரி விடுதியில் சேர்ந்தான். அறைத்தோழர் அறுவர் அவனைக் குடிக்குமாறு வற்புறுத்தினர். "ஐயா, மறுத்தால் நண்பர்களை இழந்துவிடுவேனே!" என்று எனக்குக் கடிதம் எழுதினான். "மறுத்துப் பார், அதன் பின்னும் உன்னைத் தேநீர் அருந்த அழைப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்" என்று விடை எழுதினேன். இரண்டு திங்கள் கழித்து அவனிடமிருந்து மறுமொழி வந்தது: "இருவர் அழைக்கிறார்கள், ஐயா." நால்வரை இழந்தது அவனுக்கு வருத்தமே. எனினும், அந்த இருவர் யார் என்பதை அவன் அறிந்துகொண்டான்.

சேலம் மாவட்டத்தில் 1937இல் தொடங்கி, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971இல் தமிழ்நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னரும் சட்டம் மாறி மாறி வந்தது. ஆனால் "ஒரு வாய்தானே, குடி!" என்று கோப்பையை நீட்டும் தோழனின் கையை எந்தச் சட்டம் வந்து பிடிக்கும்? அந்தக் கையை அவனேதான் மடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆதலால் மறுப்பவனுக்கு மட்டுமன்று, நீட்டுபவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். "வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால் அவனை எள்ளாதீர்கள். அந்த ஒரு சொல்லைத் தாங்க மாட்டாத நட்பு, நாளை வரும் துன்பத்தை எவ்வாறு தாங்கும்?