பாதிப் பன்றியும் ஐந்து ஷில்லிங் பென்ஷனும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளின் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். போய்விட்டு வருகிறவர்கள் அரண்மனை, தேம்ஸ் நதி, பெரிய கடிகாரம் என்று போட்டோ காட்டுகிறீர்கள். நான் இன்று பேசப்போவது அந்தப் போட்டோக்களில் வராத சில சின்ன ஊர்களைப் பற்றி. அந்த ஊர்களின் பழைய கதை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால், கணக்குப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர், 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓர் உத்தரவு போட்டார். நாட்டில் எந்த நிலம் யாருடையது, எத்தனை ஏர் ஓடுகிறது, எத்தனை தண்ணீர் மில் சுற்றுகிறது, அதன் மதிப்பு என்ன என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1086-ல் அதிகாரிகள் நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றினார்கள். 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் பதிவாயின. ஒரு மாட்டையோ பன்றியையோகூட விட்டுவைக்கவில்லையே, இது என்ன வெட்கக்கேடு என்று அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று புலம்புகிறது. இறுதித் தீர்ப்பு நாளில் அப்பீல் கிடையாது. இந்தப் புத்தகத்தில் எழுதியதற்கும் அப்பீல் கிடையாது. அதனால் ஜனங்கள் அதற்கு 'டூம்ஸ்டே புக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டுத்தோலில் எழுதிய அந்தப் புத்தகம் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால் அபாரமான வேலை. ஆனால் அதில் நிலத்துக்கு உடையவர் பெயர்தான் இருக்கும். உழுதவர்கள் பெரும்பாலும் இத்தனை பேர் என்று ஓர் எண்ணாக மட்டும் வருவார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள், எந்த வழியாக நடந்து போனார்கள் என்பதற்கெல்லாம் அந்த லெட்ஜரில் காலம் கிடையாது.

அந்தக் காலத்தை நிரப்பியவர்களில் ஒருவர் நம்மைப் போலவே கவுண்டரில் உட்கார்ந்தவர். ஃப்ளோரா தாம்ஸன் என்ற அம்மையார். 1876-ல் ஆக்ஸ்போர்டுஷயரில் ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். அப்பா கொத்தனார். சுமார் முப்பது வீடுகள், ஒரு மதுக்கடை, சுற்றிலும் கோதுமை வயல். ஊர் அவ்வளவுதான். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுப் பக்கத்து ஊர் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு, 1939-ல், தன் பிள்ளைப் பிராயத்தை 'லார்க் ரைஸ்' என்ற புத்தகமாக எழுதினார். அடுத்து இரண்டு பாகங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து 'லார்க் ரைஸ் டு கேண்டில்ஃபோர்ட்' என்று பெயர் பெற்றன. ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் மாற்றியிருந்தாலும் அது அவர் வளர்ந்த ஊரின் கதைதான்.

அந்த ஊரில் கூலிக்காரருக்கு வாரச் சம்பளம் பத்து ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆகவே அரைப் பவுண்டில் ஒரு பெரிய குடும்பம் ஒரு வாரம் ஓடவேண்டும். சேமிப்பு என்று இருந்தது வீட்டுக்குப் பின்னால் வளர்த்த பன்றி ஒன்றுதான். சைவ அன்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுதான் அவர்களின் ரெக்கரிங் டெபாசிட். பள்ளி விட்டு வரும் குழந்தைகள் வழியெல்லாம் கீரையும் நத்தையும் பொறுக்கிவந்து அதற்குப் போடுவார்கள். தீவனம் வாங்கக் காசில்லாத வீட்டில் மாவு மில்காரரிடமோ ரொட்டிக் கடைக்காரரிடமோ கடன் சொல்லுவார்கள். பன்றியை அடிக்கும்போது பாதி அவருக்குப் போய்விடும். நம் பாஷையில் ஹைபாதிகேஷன். வெள்ளிக்கிழமை பாதிப் பன்றியை அடிக்கப்போகிறோம் என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்வது சகஜமாம். விஷயம் தெரியாதவர்கள், மீதிப் பாதி கொட்டிலில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம் என்று அம்மையார் கேலி செய்கிறார்.

பள்ளிக்கூடம் ஒன்றரை மைல் தூரத்தில், காட்டிஸ்ஃபோர்டு என்ற ஊரில். குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு இரண்டைச் சூடாகக் குழந்தைகளிடம் கொடுத்து அனுப்புவார்கள். போகும் வழியில் அது கைக்குக் கணப்பு. போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு. எந்த அரசாங்கப் பதிவேட்டில் இதைத் தேடுவீர்கள்?

அந்தப் புத்தகத்தில் என்னை எழுந்து நடக்கவைத்த இடம் பென்ஷன் வந்த கதை. உடம்பில் தெம்பு போன கிழவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டே வழி. பிள்ளைகள் வீட்டில் ஒண்டுவது, இல்லையேல் ஏழைகள் விடுதி. விடுதியில் ஆண்களுக்குத் தனிப் பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. நாற்பது ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைக் கடைசிக் காலத்தில் பிரித்துவிடுவார்கள். 1908-ல் சட்டம் வந்து, 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை பென்ஷன் கிடைத்தது. தபால் ஆபீசில் போய் வாங்கிக்கொள்ளவேண்டும். பிள்ளைகளுக்குப் பாரமில்லாமல் சொந்த வீட்டிலேயே இருக்கலாம். முதல்முறை வாங்கியபோது சிலர் கண்ணீர் விட்டார்களாம்.

நிதி அமைச்சர் லாயிட் ஜார்ஜ். இந்தக் கிழவர்கள் அவரை 'லார்ட்' ஜார்ஜ் ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு தாராளமாகக் கொடுப்பவர் ஒரு பிரபுவாகத்தானே இருக்கமுடியும் என்பது அவர்கள் கணக்கு. கவுண்டரில் பணத்தை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கோ தோட்டத்துப் பூவும், மரத்து ஆப்பிளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாதத்தின் முதல் நாட்களில் பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் இங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். ரேகை தேய்ந்த கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டு, நம் பணத்தைக் கொடுத்ததுபோல நம்மைக் கும்பிட்டுவிட்டுப் போன பாட்டிகள் உங்களுக்கு ஞாபகம் வருவார்கள்.

அந்தச் சின்ன ஊர்ப் பக்கத்திலிருந்து முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் பதினொரு பேர். காட்டிஸ்ஃபோர்டு தேவாலயத்தில் ஒரு பித்தளைப் பலகையில் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அவருடைய தம்பி எட்வின். 1916-ல் இறந்தவர். பலகையில் ஒரு வரி. அக்காவின் புத்தகத்தில் அவர் வயல் வழியே கூட நடக்கிற, கேள்வி கேட்கிற சிறுவன்.

ஃப்ளோரா தாம்ஸன் தன் ஞாபகத்தைத் தானே எழுதினார். பேனா பிடிக்காதவர்களின் ஞாபகம்? அதற்கு இன்னொருவரைச் சொல்கிறேன். ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ் என்பவர், வேல்ஸ்காரர், 1948-ல் சஃபோக் பகுதியில் பிளாக்ஸ்ஹால் என்ற கிராமத்துக்குக் குடிவந்தார். மனைவிக்கு அங்கே பள்ளி ஆசிரியை வேலை. இவர் வீட்டில் எழுத்து வேலை. அக்கம்பக்கத்துப் பெரியவர்களோடு பேச்சுக் கொடுக்கும்போது ஒன்று உறைத்தது. அரிவாளால் புல் அறுத்த, குதிரை பூட்டி உழுத கடைசித் தலைமுறை இது. டிராக்டர் வந்துவிட்டது. இவர்கள் போனால் அந்த வேலையும், அதன் சொற்களும் போய்விடும். அறுவடைக் கூலியைப் பண்ணைக்காரரோடு பேச ஆட்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கி, அவரை 'லார்ட்' என்று கூப்பிட்டதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1956-ல் புத்தகம் வந்தது. சாதாரண மனிதர்களின் வாய்மொழியை வரலாறாக மதித்த முன்னோடிகளில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறார்கள்.

ஞாபகம் சொல்வதெல்லாம் நிஜமா என்று கேட்பீர்கள். அதே பிளாக்ஸ்ஹாலில் ஒரு பண்ணை முற்றத்தில் சுமார் ஐந்து டன் எடையில் ஒரு கல் கிடக்கிறது. ஏரில் அகப்பட்டபோது சிறியதாகத்தான் இருந்தது, பிறகு வளர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்லுவார்கள். கூட்டு வட்டியில் போட்டாலும் கல் அப்படி வளராது. அதனால்தான் வாய்ச்சொல்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாலி பண்ணவேண்டும். இருந்தாலும் கல் வளரும் என்று ஓர் ஊரே நம்பியதும் அந்த ஊரின் வரலாறுதானே?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. டூம்ஸ்டே புத்தகத்துக்கு 900 வயதானபோது, 1986-ல், பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, பள்ளிப் பிள்ளைகளையே தங்கள் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். எல்லாவற்றையும் அன்றைய நவீனமான லேசர் டிஸ்க்கில் பதித்தார்கள். பதினைந்து வருஷம் போவதற்குள் அந்த டிஸ்க்கை ஓட்டும் கருவி கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆட்டுத்தோல் 900 வருஷம் தாங்கியது, டிஸ்க் பதினைந்து வருஷம் தாங்கவில்லை. நிபுணர்கள் பாடுபட்டு மீட்டார்கள். 2011-ல் அதை இணையத்தில் வைத்தார்கள்.

நம் குடியிருப்புக்கு வருகிறேன். சங்கத்து ரிஜிஸ்டரில் நம் கதவு எண், சதுர அடி, மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அது நம் டூம்ஸ்டே புத்தகம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் வேறொரு ஊரை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ரிஜிஸ்டர் இல்லை. எண்பதைத் தாண்டியவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறீர்கள். அதனால் இதைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வரும்போது நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பள்ளிக்குக் கையில் என்ன கொண்டுபோனீர்கள், முதல் சம்பளம் எத்தனை ரூபாய், யாரிடம் கடன் இருந்தது, தெருவில் எந்த மரம் நின்றது என்று கேட்கட்டும். மொபைலில் பதிவு செய்தாலும், காகிதத்திலும் ஒரு பிரதி எழுதி வையுங்கள். நம் இதழின் ஆசிரியர் குழு ஒவ்வொரு இதழிலும் ஒரு பக்கம் ஒதுக்கினால், முதல் ஆளாகக் கேட்டு எழுதித் தர நான் தயார். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.