வெள்ளைத் தொப்பியை அடகு வைக்காதீர்!

(புதிதாகப் பயிற்சி முடித்த தாதியருக்கும் அவர்தம் பெற்றோருக்குமென நடந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"வெளிநாடு போகலாமா, போகக்கூடாதா?" என்ற கேள்வியை நெஞ்சிற் சுமந்துகொண்டே உங்களுட் பலர் இங்கு வந்திருக்கிறீர்கள். போகாதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்தடைந்து மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வேளையில், அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவு பெற்று வெளிநாடு சென்று உழைக்கலாமெனச் சுற்றுநிருபம் விடுத்தது இந்நாட்டு அரசாங்கமேயாகும். டொலர் தேடி வாருங்கள் என்று படலையைத் திறந்துவிட்டவர்கள், படலை கடந்தவளை நாட்டுப்பற்றில்லாதவளென்று ஏசுவார்களேயானால், அதைவிட நகைப்புக்கிடமானது வேறென்ன உண்டு?

ஆனால் எப்பெயரிற் போவது, யாரை எப்பொழுது உடனழைத்துச் செல்வது என்பவற்றில் எனக்குத் திட்டமான கருத்துண்டு. உங்களிற் பெரும்பாலார் வினவுவது இங்கிலாந்தைப் பற்றியே ஆதலால் அந்நாட்டை வைத்தே பேசுகிறேன்.

அந்நாட்டில் நேர்ஸ் வேறு, கெயரர் வேறு. நேர்ஸ் எனப்படுபவர் அங்குள்ள தாதியர் மருத்துவமாதர் பேரவையின் பதிவேட்டிற் பெயருள்ளவர். கெயரர் முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரிக்கும் தொழிலாளர். அத்தொழிலை இழிவென்று சொல்ல என் நாக்கு எழாது. ஆனால் ஆண்டுக்கணக்காகப் படித்து, இரவுகள் பலவற்றை வாட்டிற் கழித்துத் தாதியென்னும் பெயரைப் பெற்ற பெண், பதிவு கிடைக்குமட்டும் பொறுத்திராது தரகன் சொல்லைக் கேட்டுக் கெயரராகப் போவாளாயின், அவள் கற்ற கல்வி கடவுச்சீட்டில் ஏறுவதில்லை. சட்டத்தின் கண்ணில் அவள் தாதியல்லள்.

இதனால் விளைந்ததைக் கேளுங்கள். 2022 பெப்ரவரியில் கெயரர்களுக்கும் விசா வழி திறக்கப்பட்டது. தரகர்கள் கடை விரித்தார்கள். காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் போனவர்கள் எத்தனை பேர்! 2024 மார்ச் 11ஆந் திகதி அந்த அரசாங்கம் ஒரு விதியை மாற்றியது: அதன்பின் கெயரராகச் செல்வோர் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ அழைத்துச் செல்ல முடியாது. 2025 யூலை 22ஆந் திகதியுடன், வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயரரை எடுக்கும் வழியே அடைக்கப்பட்டது. அதற்குமுன் போனவர்களும் நிம்மதியாயிருந்தார்களென்று எண்ணற்க. 2022 யூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் மட்டும், அங்குள்ள பராமரிப்பு நிலையங்களில் 470க்கு மேற்பட்டவற்றின் அனுமதிகள் பறிக்கப்பட்டன. முதலாளியின் அனுமதி பறிபோனால், தொழிலாளிக்கு வேறு முதலாளியைத் தேடிக்கொள்ளப் பொதுவாக அறுபது நாள் தவணை. ஊரிலோ வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

இன்றும் ஒருவன் உங்கள் வாசலில் வந்து நின்று, இத்தனை இலட்சம் தாருங்கள், கெயரர் விசா எடுத்துத் தருகிறேன் என்பானேயானால், அவன் உங்களுக்கு விற்பது இடிந்துபோன வீட்டின் திறப்பு.

பதிவுபெற்ற தாதியின் கதை வேறு. அவர் கணவனையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல இன்னும் உரிமையுண்டு. கணவன் தொழில் செய்யலாம். மற்றைய குடியேறிகளில் வயதுவந்தோர் பொதுவாக ஆண்டுக்குத் தலைக்கு 1,035 பவுண் வீதம் செலுத்தும் சுகாதார வரி இவர்களுக்கு இல்லை. இவ்வளவும் அந்தப் பதிவினாலே கிடைப்பவை. பின் ஏன் அதைத் தரகனிடம் அடகு வைக்கிறீர்கள்?

பதிவு எளிதன்று. ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சையிலே வாசிப்பிலும் கேட்டலிலும் பேச்சிலும் ஏழு, எழுத்தில் ஆறரை எடுத்தல் வேண்டும். அதற்குப் பதிலாக ஓ.ஈ.ரீ. எழுதுவோருமுண்டு. அடுத்தது கணினியில் எழுதும் பரீட்சை; இதை இங்கிருந்தே எழுதலாம். இறுதியாக அங்கு சென்றபின் செய்முறைப் பரீட்சை. பத்து நிலையங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நோயாளியை மதிப்பிட்டு, பராமரிப்பைத் திட்டமிட்டுச் செய்து காட்டவேண்டும். அதற்கு மட்டும் கட்டணம் 800 பவுணுக்குச் சிறிது குறைவு; நல்ல வைத்தியசாலையாயின் இதனைத் தானே ஏற்கும். வேலை தேடித் தருவதற்கு விண்ணப்பகாரரிடம் காசு வாங்குதல் பிரித்தானியச் சட்டப்படி குற்றம். இவ்வொன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே தரகர்களிற் பாதிப்பேர் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள்.

பயிற்சி முடித்த கையோடு போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பேரவை முன்னர் கேட்ட ஓராண்டு அனுபவத்தை இப்பொழுது கேட்பதில்லை. இருந்தும் இரண்டாண்டாவது இங்கு ஒரு வாட்டில் நின்று கையும் கண்ணும் தேறியபின் போங்கள் என்பேன். அங்கு பன்னிரண்டு மணிநேரக் கடமையில், புரியாத உச்சரிப்பின் நடுவே, முதன்முதலாக ஒரு நோயாளி மயங்கி விழுவதைக் காண்பது நல்லதன்று. அன்றியும் அங்கு வேலைகள் முன்போல் இல்லை. 2025ஆம் ஆண்டின் நடு மாதங்களில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பதிவானோர் தொகை முந்திய ஆண்டின் பாதியளவுக்கு விழுந்துவிட்டது. அனுபவமில்லாதவரை யார் முதலில் எடுப்பார்கள்?

குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். முதல்நாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானமேறாதீர்கள். செய்முறைப் பரீட்சை தேறும்வரை உங்களுக்குத் தாதியின் சம்பளமில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட தரமே. முதல் மூன்று மாதத்துக்குள் பரீட்சைக்குத் தோற்றி, எட்டு மாதத்துக்குள் பதிவு பெறாவிட்டால் வேலையே கைநழுவும். அந்த எட்டு மாதத்தில் வாடகைக்கு வீடு தேடி, பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்து, இரவில் படித்துத் தேறுவதென்பது எல்லார்க்கும் இயல்வதா? பதிவு கைக்கு வந்தபின் அழையுங்கள். கணவனுக்கு 285 பவுண், முதற் பிள்ளைக்கு 315, அடுத்த ஒவ்வொருவர்க்கும் 200 என வங்கியிற் காட்டவேண்டும் என்பது விதி. விசாக் கட்டணமும் விமானச் செலவும் வேறு. எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அங்கு பேரப்பிள்ளையை ஒக்கலையில் வைத்திருக்க அம்மம்மா இல்லை. விருந்தினராக அவர் வந்து தங்குவது பெரும்பாலும் ஆறு மாதம். நீங்கள் இரவுக்கடமையில் நிற்கும்பொழுது சமைத்து, பிள்ளைக்குத் தலைவாரி விடவேண்டியவர் கணவர். இங்கே ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ மதிப்போடிருந்தவர் அங்கே களஞ்சியத்திற் பெட்டி அடுக்கவும் நேரும். "மனிசியின் உழைப்பிலே இருக்கிறார்" என்று ஊர் பேசும், பேசட்டும். ஆனால் இதையெல்லாம் அவரிடம் இங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் குளிரில் வைத்துப் பேசத் தொடங்கினால் அது சண்டையாகவே முடியும். இன்னுமொன்று: நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்தாண்டு என்றிருந்ததைப் பொதுவிற் பத்தாக்கும் யோசனையை அவர்களுடைய 2025 மே வெள்ளை அறிக்கை முன்வைத்தது. பத்தாண்டு என்றெண்ணியே கணக்குப் போடுங்கள்.

இனி, போகாமல் நிற்பவர்களைப் பற்றி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன், ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகந் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, தமிழிலேயே வைத்தியங் கற்பிக்கத் துணிந்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் கண்ட நோய் இன்னும் தீரவில்லை. ஒரு கிழவி, "அந்தரமாயிருக்குது பிள்ளை" என்கிறாள். அச்சொல்லின் பொருள் எந்த அகராதியில் முழுமையாக இருக்கிறது? மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, பயமா என்று முகத்தைப் பார்த்து அறிபவள் தமிழ் பேசும் தாதி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாகுமென்றது. ஏட்டிலுள்ள அந்த உரிமை முல்லைத்தீவிலும் மலையகத் தோட்டத்திலும் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்வது அவள் வாயினாலேதான்.

அவளை நிறுத்திவைக்க விரும்பினால் அரசாங்கம் அவளுக்கு வாழத்தக்க சம்பளமும், தூர ஊர்களில் விடுதியும், இரவுக்கடமையின்போது பிள்ளையை விட ஓரிடமும் கொடுக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் நிறைவேற்றிய ஆட்சேர்ப்பு நெறிக்கோவை, தாதியரை எடுக்கும் நாடு கொடுக்கும் நாட்டுக்குக் கைம்மாறாக உதவ வேண்டுமென்கிறது. அது கட்டாயச் சட்டமன்று, கேட்பவர்க்கே கிடைக்கும். எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் அதைக் கேட்கவேண்டுமென்று இம்மேடையிலிருந்தே வற்புறுத்துகிறேன். லண்டன் எமது வடக்கு, கிழக்கு, மலையகத் தாதியரைக் கொண்டுபோகிறதானால், இங்குள்ள தாதியர் கல்லூரிகளுக்கு ஆசிரியரையும் உபகரணத்தையும் தருவதில் என்ன தடை?

ஒப்பந்தத் தாளோ தரகர் தந்த கடிதமோ கையில் வைத்திருப்போர், கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடப்புறமுள்ள அறைக்கு வாருங்கள். நானும் நண்பர்கள் இருவரும் இரவு எட்டு மணி வரை இருப்போம். வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்வோம். இன்னும் கையொப்பமிடாதவர்கள் முதலில் வரவும்.